ஒன்பதாவது யன்னல்

எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தவை யன்னல்கள். அத்திவாரம் அதற்கு இரண்டு வருடம் கழித்து வந்தது. சுவர் வர இன்னும் ஐந்து வருடம் பிடித்தது. கூரை ஏறியபோது யன்னல்களுக்கு ஒன்பது வயது. இந்த ஒழுங்கில் வீடு கட்டிய குடும்பம் நீர்வேலியில் எங்களைத் தவிர வேறு இருந்ததாக எனக்குத் தெரியாது.

இதற்குக் காரணம் அப்பா. அவர் கணித வாத்தியார். எதையும் முன்கூட்டியே கணக்குப் பார்த்துச் செய்கிறவர் என்று ஊரில் பெயர். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு, வெளியிலிருந்து சாமான் வருகிற கண்டி றோட்டை எந்த நேரமும் மூடிவிடுவார்கள் என்று சனம் கதைத்துக்கொண்டிருந்தது. மற்ற வீடுகளில் சீனியும் மாவும் வாங்கி அடுக்கினார்கள். அப்பா வன்னிக்குப் போய் ஒரு லொறியில் ஒன்பது முதிரை யன்னல்களோடு திரும்பி வந்தார். நிலை, கம்பி, இரட்டைக் கதவு எல்லாம் பொருத்தி முடித்த யன்னல்கள். றோட்டை மூடினால் நல்ல மரம் கிடைக்காதாம். கல்லும் மண்ணும் ஊரிலேயே இருக்கின்றனவாம். சீமெந்து எங்கே ஓடிவிடப் போகிறது என்று கேட்டார். அது எங்கே ஓடியது என்பதைப் பிறகு எல்லாரும் கண்டோம்.

லொறியிலிருந்து இறக்கும்போது மேசனும் நின்றார். ஊரில் பாதி வீடுகள் அவர் கட்டியவை.

“வாத்தியார், நான் முப்பது வருசமா வீடு கட்டுறன். யன்னலை வாங்கி வைச்சிட்டு வீட்டை யோசிக்கிற ஆளை இப்பத்தான் காணுறன்.”

“யன்னலின்ரை அளவு தெரிஞ்சால் காணும் மேசன்,” என்றார் அப்பா. “யன்னலுக்கும் யன்னலுக்கும் இடையிலை வாறதுதானே சுவர்.”

மேசன் அடுத்த யன்னலை இறக்கப் போனார். எட்டாம் வகுப்பில் அப்பாவிடம் அடி வாங்கியவர்களில் அவரும் ஒருவர்.

ஒன்பது என்ற எண்ணிக்கை சதுரக் கொப்பியில் அப்பா கீறிய படத்திலிருந்து வந்தது. ஹோலுக்கு மூன்று, அப்பா அம்மாவின் அறைக்கு இரண்டு, குசினிக்கு ஒன்று, சாமியறைக்கு ஒன்று, என் அறைக்கு இரண்டு. என் அறையின் இரண்டில் ஒன்று மேற்குச் சுவரில், மற்றது தெற்கில், றோட்டைப் பார்த்தபடி. பென்சிலால் கீறிய அந்தச் சின்ன இரட்டைக் கோட்டை நான் விரலால் தொட்டுப் பார்த்தது நினைவிருக்கிறது. அப்போது எனக்குப் பதினெட்டு வயது.

வீடு என்னுடையது. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளை பிறந்தால் வீடு கட்ட வேண்டும், அது சீதனமாக அவளோடு போகும், சரியாகச் சொன்னால் அவள் அதோடு போவாள். நான் ஒரே பிள்ளை. காணி உறுதி என் பெயரில் எழுதுவதாக முடிவாகிவிட்டது. என்னுடைய வீடு என்பதால் அதைப் பற்றி என்னிடம் யாரும் ஒரு சொல் கேட்கவில்லை. என்னிடம் கேட்டால் எனக்கு அதில் விருப்பம் இருப்பதாகிவிடும். கலியாணத்துக்கு முன்னம் ஒரு பெண்ணுக்குச் சுவரில் விருப்பம் வந்தால் நாளைக்கு மாப்பிள்ளையிலும் வரும் என்று பயந்தார்களோ என்னவோ.

கேட்கப்பட வேண்டியவர் பெரியப்பா. அப்பாவின் அண்ணர். எங்கள் வளவுக்கு மேற்கே, வேலிக்கு அங்கால் இருந்தார். கொழும்பில் கந்தோர் உத்தியோகம் பார்த்து ஓய்வெடுத்தவர். ஓய்வெடுத்த பிறகு சாத்திரம் படித்து மனை பார்க்கத் தொடங்கியிருந்தார். எங்கள் வீடுதான் அவருடைய முதல் வேலை. வைத்தியம் பழகுகிறவர் சொந்தக்காரரில் தொடங்குவதுபோல்.

அப்பா முளை அடித்துக் கயிறு கட்டி, கொப்பிப் படத்தை முழு அளவில் வெறும் நிலத்தில் இறக்கினார். பிறகு எங்களை அதற்குள் நடக்கச் சொன்னார். கேத்திரகணிதத்தைக் காலால் சரிபார்ப்பதாம். அம்மா குசினிக்குள் போய் இல்லாத அடுப்புக்கு முன்னால் குந்தி எழும்பினார். நான் என் அறைக்குப் போகக் கயிற்றைத் தாண்டினேன்.

“சுவருக்குள்ளாலை வாறாய் பிள்ளை,” என்றார் அப்பா. “வாசலாலை வா.”

நான் திரும்பிப் போய் வாசலால் வந்தேன்.

பெரியப்பா கயிறுகளைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். முதலில் தலைவாசலை வடக்கே மாற்றினார். தெற்கு வாசல் ஆகாது. றோட்டு தெற்கே இருக்கிறதே என்று அம்மா மெல்லச் சொன்னார். றோட்டைக் கேட்டு மனை வைக்கிறதில்லை என்றார் பெரியப்பா. இப்படியாக எங்கள் வீடு றோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பி நின்றது. வருகிறவர்கள் படலையைத் திறந்து, பின்சுவரைக் கண்டு, வீட்டை அரைச் சுற்றுச் சுற்றி முன்னுக்கு வர வேண்டும். பிறகு அறைகளைப் பன்னிரண்டு அடியிலிருந்து பதினொன்றாகக் குறைத்தார். பன்னிரண்டு கூடாதாம். அதன் பிறகு என் அறைக்கு வந்தார். அது தென்மேற்கு மூலை.

“கன்னி மூலை. கனமா இருக்கோணும். இதிலை துவாரமே வைக்கக் கூடாது.”

“காத்துக்கு ஒண்டாவது வேணுமே அண்ணை,” என்றார் அப்பா.

“தெற்கும் கூடாது, மேற்கும் கூடாது.”

மேற்கு ஏன் கூடாது என்று எனக்குச் சாத்திரம் படிக்காமலே விளங்கியது. மேற்கு யன்னலால் பார்த்தால் பெரியப்பாவின் வளவு தெரியும். அவருடைய ஆட்டுக் கொட்டிலும் அதற்குப் பக்கத்தில் பெரியம்மாவோடு அவர் சண்டை பிடிக்கிற கிணற்றடியும் தெரியும். மேற்கை நான் விட்டுக்கொடுக்கத் தயார். ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கும் ஆசையில்லை.

“தெற்குப் பக்கம் ஒண்டு வையுங்கோ அப்பா. எனக்கு அது காணும்,” என்றேன்.

மூன்று பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பேசாத பொருள் ஒன்று பேசியதுபோல் பார்த்தார்கள்.

“றோட்டுப் பக்கமோ?” என்று அம்மா கேட்டார். “குமர்ப்பிள்ளை படுக்கிற அறைக்கோ?”

இதோடு பெரியப்பாவுக்கு வேலை முடிந்தது. சாத்திரம் தேவைப்படவில்லை. கடைசியில் எனக்கு ஒரு யன்னல் கிடைத்தது. அதை என் அறைக்கும் ஹோலுக்கும் நடுச்சுவரில் வைப்பதாகத் தீர்மானித்தார்கள். அதால் நான் ஹோலைப் பார்க்கலாம். ஹோலிலிருந்து அம்மா என்னைப் பார்க்கலாம். காற்று ஹோலுக்குள் வந்து, இருந்து, ஆறுதலாக யோசித்து, மனமிருந்தால் என் அறைக்குள் வரலாம். இந்த மாற்றங்களுக்குப் பிறகு எட்டு யன்னல்களுக்கு இடமிருந்தது. ஒன்று மிஞ்சியது.

எண்பத்தாறில் அத்திவாரம் போட்டார்கள். அதே காலத்தில் பலாலி ஆமிக் காம்ப் பக்கமிருந்து செல் வந்து விழுந்து வெடிக்கத் தொடங்கியது. சாத்திரத்தில் எட்டுத் திசை. செல்லுக்கு எங்களைப் பொறுத்தவரை ஒரே திசைதான், அது வடக்கு. நல்லது எல்லாம் வடக்கிலிருந்து வரும் என்று சொல்லித்தான் பெரியப்பா ஹோலின் மூன்று யன்னல்களில் இரண்டையும் தலைவாசலையும் அங்கே வைத்திருந்தார். அப்பா கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு தெய்வத்துக்கும் பலாலிக்கும் இடையில் இருந்து தவித்தார். அழித்தழித்துக் கீறியதில் வடக்குச் சுவர் இருந்த இடத்தில் தாள் தேய்ந்து ஓட்டையாகியிருந்தது. பார்க்கப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

எனக்கு அது நல்ல சந்தர்ப்பமாகப் பட்டது. அப்பாவோடு வாயால் கதைத்து வென்றவர் கிடையாது. ஆனால் நிறுவல் எழுதிக் கொடுத்தால் அவரால் வாசிக்காமல் இருக்க முடியாது. ஒரு தாளில் ஒழுங்காக எழுதினேன். தரவு ஒன்று: செல் வடக்கிலிருந்து வரும். தரவு இரண்டு: வெக்கைக் காலத்தில் சோளகக் காற்று தெற்குப் பக்கத்தால் வரும். தரவு மூன்று: றோட்டு வேலி ஏழடி உயரம், கிடுகால் நெருக்கி அடைத்தது, ஆகவே றோட்டில் போகிற எவருக்கும் அறைக்குள் இருக்கும் ஆள் தெரியாது. தரவு நான்கு: அறைக்குள் இருக்கும் ஆளுக்கும் வேலிக்கு மேலே வானமும் அங்கால் தோட்டத்து வாழைகளின் தலையும் தவிர வேறொன்றும் தெரியாது. ஆகவே யன்னல் வைக்கத் தகுந்த ஒரே சுவர் தெற்குச் சுவர். அடியில் கோடு கீறி அவருடைய மேசையில் வைத்துவிட்டுப் போனேன்.

பின்னேரம் தாள் என் கட்டிலில் கிடந்தது. சிவப்புப் பேனையால் ஒவ்வொரு தரவுக்கும் சரி போட்டிருந்தார். கீழே, பிள்ளைகளின் கொப்பியில் எழுதுகிற அதே கையெழுத்தில், “நிறுவல் சரி” என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் “ஆனால் வேண்டாம்” என்றும் எழுதியிருந்தார்.

நான் தாளோடு போய் நின்றேன்.

“கணக்கிலை பிழையில்லை பிள்ளை,” என்றார். “சனம் கணக்குப் படிச்சதில்லையே. நாளைக்கு உன்னைப் பேசி வாற ஆக்கள் றோட்டாலை வரேக்கை முதல் காணுறது உந்த யன்னலைத்தான்.”

“வேலிதான் அப்பா முதல் தெரியும்.”

“கிடுகு உக்கினால் ஓட்டை விழும்.”

அப்பாவுக்கு என்னிலும் பார்க்கக் கிடுகின் மேல் நம்பிக்கை குறைவு என்று நினைத்து நான் ஆறுதலடைய வேண்டியிருந்தது.

அதன் பிறகு அத்திவாரம் அத்திவாரமாகவே கிடந்தது. ஒரு படை வந்து போனது, மற்றது வந்தது. நாங்கள் வளவின் கோடியில் இருந்த மண்வீட்டிலேயே இருந்தோம். யன்னல்கள் அதன் பத்தித் தாழ்வாரத்தில் சாய்ந்து நின்றன. அம்மா கம்பிகளுக்கிடையில் மோர் மிளகாயும் துவாயும் காயப் போட்டார். கோழிகள் நிலைகளின் மேல் ஏறி இருந்தன. எங்கள் வீட்டு யன்னல்களை முதலில் குடிபூந்து அனுபவித்தவை அவைதான்.

இடையில் பங்கர் வெட்டினோம். அதற்குப் படம் கீற நேரமிருக்கவில்லை, பெரியப்பாவையும் கேட்கவில்லை. எல்லாம் கிட்டத்தட்ட இரண்டு நாளில் முடிந்தது. மேலே பனங்குற்றி, அதற்கு மேலே மண்மூட்டை. வடக்கே வாய் வைக்க முடியாது என்பதால் வாய் தெற்கே, றோட்டைப் பார்த்திருந்தது. ஹெலி வந்து சுடுகிற நேரமெல்லாம் நான் அந்த வாயடியில்தான் இருப்பேன். என் வாழ்க்கையில் றோட்டுப் பக்கம் எனக்கென்று முதலில் கிடைத்த துவாரம் அது. அதால் குமர்ப்பிள்ளைக்கு வரக்கூடிய கேட்டைப் பற்றி அன்றைக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

எண்பத்தொன்பதில் எனக்கு மானிப்பாயில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் வேலை கிடைத்தது. ஒவ்வொரு நாளும் சைக்கிளில் போய் வந்தேன். அந்த றோட்டில் ஆளை மறித்துச் சோதிக்கிற சென்றி இருந்தது, கிடங்கு இருந்தது, இடைக்கிடை மேலே குண்டு போடுகிற பொம்மரும் வந்தது. பொம்மர் வந்தால் சைக்கிளைப் போட்டுவிட்டு வாய்க்காலுக்குள் படுப்பேன். போகும்போதும் வரும்போதும் ஊர் முழுக்க என்னைப் பார்த்தது. அதில் யாருக்கும் குறையில்லை. நான் றோட்டில் போகலாம். றோட்டை வீட்டுக்குள் இருந்து பார்க்கத்தான் கூடாது. இதையும் ஒரு தாளில் எழுதி அப்பாவிடம் கொடுக்க நினைத்தேன். திரும்பவும் சரி போட்டுத் தருவார் என்று தெரிந்ததால் விட்டுவிட்டேன்.

தொண்ணூறில் கரண்ட் நின்றது. மண்ணெண்ணெய் கிடைப்பது அரிதாகிவிட்டது. ஜாம் போத்தலில் துளியளவு எண்ணெய் விட்டு, திரி போட்டு எரித்தோம். அந்த வெளிச்சத்தில் நாற்பது கொப்பி திருத்தினால் கண் எரியும். ஆகவே பொழுது படுவதற்கு முன் திருத்தி முடிக்க வேண்டும். மண்வீட்டுக்குள்ளோ மத்தியானத்திலேயே இருட்டு.

ஒருநாள் பின்னேரம் எனக்கு ஒரு வீம்பு வந்தது. மிஞ்சின அந்த ஒன்பதாவது யன்னலைத் தூக்கி, தூக்கி என்பதைவிட இழுத்து, அத்திவாரத்துக்குக் கொண்டுபோனேன். என் அறையின் தெற்குச் சுவர் வர வேண்டிய இடத்தில் நிமிர்த்தி, இரண்டு பக்கமும் தடி முட்டுக் கொடுத்து நிறுத்தினேன். உயரம் காணாததால் கீழே கல் அடுக்கினேன். பிறகு ஒரு கதிரையைக் கொண்டுவந்து அதற்குப் பின்னால் போட்டு, மடியில் கொப்பிகளை வைத்துக்கொண்டு, என் அறையில், என் யன்னலடியில் இருந்தேன். சுவரில்லை, கூரையில்லை. சுற்றிவர வெளி. ஆனாலும் யன்னல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

இனி யாராவது வந்து பேசுவார்கள் என்று காத்திருந்தேன். பெரியப்பா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சுவர் இல்லாத இடத்தில் துவாரம் எப்படி வரும் என்று அவருடைய சாத்திரத்துக்குத் தெரியவில்லைப் போல. அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து கம்பிக்கிடையால் நீட்டினார். அப்பா வந்தார். அத்திவாரத்தைச் சுற்றிப் போய், தலைவாசல் வர வேண்டிய இடத்தால் ஏறி, ஹோலைக் கடந்து, என் அறை வாசலால் உள்ளே வந்தார். எங்கள் எல்லாருக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது. இல்லாத சுவருக்குள்ளால் யாரும் நடப்பதில்லை.

“வெளிச்சம் காணுமோ?” என்று கேட்டார்.

“காணும்.”

 என் மடியில் இருந்த கட்டின் மேல் கொப்பியை எடுத்து, நான் சரி போட்டிருந்த கணக்கு ஒன்றில் பிழை கண்டுபிடித்துக் காட்டிவிட்டுப் போனார். அடுத்த நாள் வந்து பார்த்தேன். முட்டுத் தடிகள் இரண்டையும் எடுத்துவிட்டு, நல்ல கம்புகள் ஊன்றிக் கயிற்றால் கட்டியிருந்தார். நான் அடுக்கிய கல்லையும் மட்டம் பார்த்து வைத்திருந்தார். அதன் பிறகு ஒரு வருடம், மழை இல்லாத பின்னேரங்களில், நான் அதிலே இருந்துதான் கொப்பி திருத்தினேன். வேலிக்கு அங்கால் பஸ் வளைவில் திரும்புகிற சத்தம் கேட்கும், தோட்டத்துக்குப் போகிறவர்களின் சைக்கிள் மணி கேட்கும், சந்நிதிக் கொடியேற்றம் என்றால் தொண்டைமானாற்றுக்கு நடந்து போகிறவர்களின் அரோகரா கேட்கும். கண்ணுக்குத் தெரிந்தது கிடுகுதான். எனக்கு அது போதுமாக இருந்தது. சந்தோசமாக இருந்தேன் என்றே சொல்ல வேண்டும்.

அதனால் அப்பா மனம் மாறிவிட்டார் என்று நம்பினேன். கெட்டிக்காரி என்று பெயரெடுத்தவர்கள் விடுகிற பிழை அது.

தொண்ணூற்றொன்றில், தடை செய்திருந்த சீமெந்து வரும் வரும் என்று பார்த்துக் களைத்து, சுண்ணாம்பும் களிமண்ணும் குழைத்துச் சுவர் எழுப்பத் தொடங்கினார்கள். மூன்றடியில் யன்னல் மட்டம் வரும். அந்த மட்டத்துக்கு வந்த பிறகுதான் நிலைகளை நிறுத்திக் கட்டுவார்கள். குசினிக்கு நிறுத்தினார்கள், சாமியறைக்கு நிறுத்தினார்கள். என் அறைக்கு வந்தபோது அங்கே ஏற்கெனவே ஒன்று நின்றுகொண்டிருந்தது. மேசன் கரண்டியைக் கீழே வைத்தார். அன்றைக்குச் சனிக்கிழமை, நானும் சாந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.

“வாத்தியார், இதை வைச்சே கட்டவோ, எடுக்கவோ? மூண்டடிக்கு மேலை போனால் பிறகு கேக்கேலாது.”

அப்பா யன்னலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வேலிக்கு அங்கால் பெரியப்பாவின் தலை தெரிந்தது. அந்தக் கிழமைதான் கொழும்பு மாப்பிள்ளை ஒருவரின் சாதகம் வந்திருந்தது. பொருத்தமில்லை என்று பிறகு அது போய்விட்டது, ஆனால் அன்றைக்கு அது பொருந்தும்போல இருந்தது.

“எடு,” என்றார்.

இரண்டு பேர் பிடித்து எடுத்தார்கள். அப்பா கட்டிய கயிறு இறுக்கமாக இருந்ததால் அதைக் கத்தியால் அறுக்க வேண்டியிருந்தது. நான் சாந்துத் தாச்சியைக் கீழே வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய்க் கை கழுவினேன். எனக்கு அன்றைக்கு அப்பாவைப் பிடிக்கவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, நெடுநாளாகப் பிடிக்கவில்லை. வெறும் மாட்டேன் என்று சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மட்டம் பார்த்துக் கயிறு கட்டித் தந்துவிட்டு மாட்டேன் என்றதைத்தான் தாங்க முடியவில்லை. பின்னேரம் வந்து பார்த்தபோது சுவர் என் தோளளவுக்கு வந்திருந்தது. நல்ல நேரான சுவர். மேசனில் குறை சொல்ல முடியாது.

தொண்ணூற்று மூன்றில் பழைய ஓடு தேடிக் கூரை போட்டார்கள். குடிபூரலன்று பால் பொங்கியது. என் அறையில் மத்தியானமும் விளக்கு வேண்டியிருந்தது. அப்பா கணக்குப் பார்த்துக் கட்டிய வீட்டில், எண்ணெய் இல்லாத காலத்தில், பகலில் எண்ணெய் எரிக்கிற அறை ஒன்று அமைந்தது. நான் ஹோலில் இருந்து கொப்பி திருத்தினேன். நடு யன்னலால் என் கட்டில் தெரிந்தது. அதை நான் இல்லாதபோது நானே பார்த்துக்கொண்டிருக்கலாம்.

அடுத்த வருடம் இன்னொரு கொழும்பு மாப்பிள்ளை பொருந்தினார். அவருடைய தாயாரும் தமையனும் மானிப்பாய்க்காரர். வீடு பார்க்க வந்தார்கள். படலையைத் திறந்து பின்சுவரைப் பார்த்து, முன்பக்கம் எது என்று கேட்டு, சுற்றி வந்து, எல்லா அறைக்குள்ளும் போனார்கள். தாயார் யன்னல் கம்பிகளைப் பிடித்து ஆட்டிப் பார்த்து, “முதிரை” என்று மகனுக்குச் சொன்னார். என் அறைக்கு வந்தபோது நான் வாசலடியில் நின்றேன். ஏன் இருட்டு என்று அவராவது கேட்கட்டும் என்று நின்றேன்.

“நல்ல அறை,” என்றார். “பொம்பிளைப் பிள்ளைக்குப் பாதுகாப்பு.”

அப்பாவின் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்தேன். பத்து வருடக் கணக்கு விடையோடு ஒத்துப்போனது. அவர் என் பக்கம் பார்க்கவில்லை.

கலியாணம் முடிந்தது. மாப்பிள்ளைக்கு வேலை கொழும்பில். வீடு, காணி, கிணற்றுப் பங்கு எல்லாம் என் பெயரில். அந்த வீட்டின் உரித்தாளியாக, மாப்பிள்ளையோடு, பதினேழு நாள் அந்த அறையில் இருந்தேன். பிறகு கிளாலியால் வள்ளமேறி, வவுனியா போய், கொழும்புக்குப் போனோம். வெளிக்கிடும்போது அப்பா சைக்கிளில் சந்திவரை வந்தார். பெட்டியைக் கயிற்றால் கட்டித் தந்தார். அவருடைய கட்டு எப்போதும் இறுக்கம்தான். கொழும்பில் அதையும் கத்தியால் அறுத்துத்தான் அவிழ்த்தேன்.

தொண்ணூற்றைந்து நடுவில் அம்மாவின் கடிதம் வந்தது. யார் யாரோ கைமாறி, ஒரு மாதம் பிந்தி வந்த கடிதம். முதல் பக்கம் முழுக்கச் சாமான் விலையும் யார் யார் செத்தது என்பதும். இரண்டாம் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தார்.

“கொப்பருக்கு விசர் பிடிச்சிட்டுது எண்டு நினைக்கிறன். போன கிழமை மேசனைக் கூப்பிட்டு உன்ரை அறையின்ரை தெற்குச் சுவரை இடிப்பிச்சு, பத்தியிலை கிடந்த யன்னலை வைச்சுப் பூசிப்போட்டார். பெரியப்பா வந்து கன்னி மூலையை உடைச்சிட்டாய் எண்டு சண்டை பிடிச்சிட்டுப் போனவர், இன்னும் கதைக்கேல்லை. அதோடை விட்டாரோ, யன்னலுக்கு நேரை றோட்டு வேலியையும் இடுப்பளவுக்கு வெட்டிப்போட்டார். ஊரிலை வேலியை வெட்டின ஒரே ஆள் உன்ரை அப்பாதான். எனக்கு வெளியிலை தலை காட்டேலாமல் கிடக்கு. கேட்டால் காத்துக்காம். பள்ளிக்கூடம் விடுற நேரத்துக்கு நீ கொப்பி திருத்திற கதிரையைப் போட்டுக்கொண்டு உதிலை இருப்பார். பஸ் வளைவிலை திரும்பினால் எழும்பி நிண்டு பாப்பார். பிறகு இருப்பார். இனி இந்த வீட்டிலை குமர் இல்லைத்தானே, யன்னல் இருந்தால் என்ன எண்டு என்னட்டைச் சொல்லுறார்.”

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். குமர் இல்லாத அறைக்கு யன்னல் வைக்கலாம் என்ற சட்டத்தைப் பத்து வருடத்துக்கு முன்னம் சொல்லியிருந்தால் நான் அப்போதே எங்கேயாவது போய்த் தொலைந்திருப்பேன். கடிதத்தை மடிக்கப் போனேன். மடிப்புக்குள் சதுரக் கொப்பித் தாள் ஒன்று இருந்தது.

அப்பா கடிதம் எழுதுகிறவர் அல்ல. படம் கீறியிருந்தார். அடிமட்டம் வைத்துக் கீறிய படம். ஒரு கதிரை, அதற்கு முன்னால் மூன்றடியில் யன்னல், அதற்கு அப்பால் வெட்டிய வேலி, அதற்கும் அப்பால் றோட்டு. கதிரையில் இருக்கும் ஆளின் கண்ணிலிருந்து புறப்பட்ட ஒரு நேர்கோடு யன்னலுக்குள்ளால், வேலிக்கு மேலால் போய், பஸ் திரும்புகிற வளைவில் முடிந்தது. வளைவில் ஒரு புள்ளி வைத்து, அதன் பக்கத்தில் சின்னதாக ஒரு சைக்கிளும் கீறியிருந்தார். சைக்கிள் கீற அவருக்கு வராது. சில்லு இரண்டையும் கவராயம் வைத்துக் கீறியிருந்தார்.

நான் அழுதேன். அழுதுகொண்டே தாளின் அடியைப் பார்த்தேன். சிவப்புப் பேனையால் ஒரு சரி போட்டு, “நிறுவல் சரி” என்று எழுதியிருந்தார். அதற்குப் பக்கத்தில் வேறொன்றும் எழுதியிருக்கவில்லை.